சில்லுமூக்கும் மூச்சுவாங்கலும் ஒரே ஆளுக்கு இருந்தால் ஈரலைப் பாருங்கள்

புதுவயல் பொதுமருத்துவர் · காலை 6.40

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் இந்த நோய் உள்ளவர்களுக்கும் சேர்த்தே இந்த இழை. பேசப்போவது ஹெச்.ஹெச்.டி. பற்றி. விரித்துச் சொன்னால் ஹெரிடிட்டரி ஹெமரேஜிக் டெலாஞ்சியெக்டேசியா, ஒரு பரம்பரை ரத்தக்குழாய் நோய். ரெண்டு 1896-லும், ஆஸ்லர் 1901-லும், வெபர் 1907-லும் விவரித்ததால் பழைய புத்தகங்களில் ஆஸ்லர்-வெபர்-ரெண்டு நோய் என்று இருக்கும். சுமார் 5000 பேரில் ஒருவர் என்பது உலகளவில் சொல்லப்படும் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகரத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். அந்த விகிதம் இங்கும் பொருந்தினால் நகருக்குள்ளேயே இருபது பேர் இருக்க வேண்டும். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியவில்லை, அதுதான் என் கவலை.

தவறவிடும் விதம் எப்போதும் ஒன்றுதான். சின்ன வயதில் அடிக்கடி சில்லுமூக்கு உடையும், அதாவது மூக்கிலிருந்து ரத்தம் வரும். உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி விட்டுவிடுவார்கள். முப்பது வயதில் ரத்தசோகை; மாதவிடாய்க் கணக்கில் எழுதிவிடுவோம். நாற்பதைத் தாண்டினால் மாடிப்படி ஏற மூச்சு வாங்கும், காலில் நீர் கோக்கும், எக்கோவில் ஈ.எஃப். (இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 66 சதவீதம், 'இதயம் நார்மல்'. வயிற்று ஸ்கேனில் ஈரல் முழுக்க முடிச்சு. 'சிரோசிஸ் போலத் தெரிகிறது, பயாப்ஸி பார்க்கவும்'. நான்கு காகிதமும் நான்கு ஃபைலில் கிடக்கும். நான்கும் ஒரே நோய்.

பேச வசதியாக ஒரு மாதிரிக் கணக்கு வைக்கிறேன், இது எந்த நோயாளியுடையதும் அல்ல. பெண், 48 வயது, 50 கிலோ, 155 செ.மீ. ஹீமோகுளோபின் 7, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. ஈரல் பரிசோதனையில் ஏ.எல்.பி. 310, ஜி.ஜி.டி. 190, பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்புமின், ஐ.என்.ஆர். எல்லாம் சரி. எக்கோவில் இடது மேலறை பெரிது, நுரையீரல் அழுத்தம் கூடுதல். இவருக்கு எதை முதலில், எதை அடுத்து?

டாப்ளர் அறை · காலை 7.25

பயாப்ஸியை அடித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் டாக்டர். ஹெச்.ஹெச்.டி. என்ற சந்தேகம் இருந்தாலே ஈரலில் ஊசி போடக் கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் ஓடும் தமனி ரத்தம், குத்தினால் நிற்காது. குத்தித் தெரிந்துகொள்ள வேண்டியதும் எதுவும் இல்லை, டாப்ளரிலேயே நோய் தெரியும்.

பார்க்க வேண்டியது கல்லீரல் தமனியை. 6 மி.மீ.-க்குள் இருக்க வேண்டிய பொதுத் தமனி 7-க்கு மேல் போயிருக்கும்; பல பேருக்கு 10-ஐத் தாண்டும். உள்ளே ரத்தம் ஓடும் வேகம் விநாடிக்கு 80 செ.மீ.-க்கு மேல், ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ் 0.55-க்குக் கீழ். ஈரலின் ஓரத்தில், காப்ஸ்யூலுக்கு அடியில், சாதாரணமாகக் கலரே தெரியாத இடத்தில் புள்ளி புள்ளியாக ரத்தம் ஓடுவது தெரியும். கல்லீரல் சிரையின் அலைவடிவமும் மாறியிருக்கும்.

இதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. வளைந்து நெளிந்து பருத்த தமனியைக் கருப்பு வெள்ளையில் பார்த்துவிட்டு 'பித்தக்குழாய் விரிந்திருக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். அதை நம்பி ஈ.ஆர்.சி.பி.-க்கு (வாய்வழியே குழாய் விட்டுப் பித்தக்குழாயைப் பார்ப்பது) அனுப்பினால் இல்லாத அடைப்பைத் தேடிப் போய் இருக்கும் குழாயில் கிருமியை விட்டுவிட்டு வருவோம். ஒரே ஒரு பொத்தான், கலர் டாப்ளர். அதை அழுத்தினால் பித்தமா ரத்தமா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஸ்கேன் சீட்டில் 'அப்டமன் ஸ்கேன்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். 'சில்லுமூக்கு உண்டு, கல்லீரல் தமனி டாப்ளர் தேவை' என்று எழுதுங்கள். எழுதினால்தான் பார்ப்போம்.

முடிச்சுகளைப் பற்றியும் ஒன்று. தமனி ரத்தம் அதிகமாகப் பாயும் இடத்தில் ஈரல் செல்கள் கொழுத்து முடிச்சாக வளரும். எஃப்.என்.ஹெச். என்னும் தீங்கற்ற முடிச்சு இவர்களுக்கு மற்றவர்களைவிட நூறு மடங்கு அதிகம். பார்வைக்கு சிரோசிஸ் போலவும், பரவிய புற்றுநோய் போலவும் இருக்கும். ஆனால் ஆல்புமினும் ஐ.என்.ஆரும் சரியாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்கிற ஈரல் அது. சந்தேகம் தீராவிட்டால் மூன்று கட்ட சி.டி. அல்லது கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.

மானகிரி வாசகர் · காலை 8.05

மருத்துவம் தெரியாதவன் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ரத்தக்குழாயில் கோளாறு என்றால் ரத்தம் வருவது புரிகிறது. ஈரலில் உள்ள குழாய் கெட்டால் இதயம் ஏன் பெரிதாக வேண்டும்?

ஈரல் பிரிவு · காலை 8.50

நல்ல கேள்வி அண்ணே, இந்த நோயின் அடித்தளமே அதுதான்.

கண்மாய்ப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். மடை திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் வந்து, வயலில் பரவி, மண் குடித்தது போக மிச்சம் வடிகாலுக்குப் போகும். உடம்பில் தமனி வாய்க்கால், தந்துகி வயல், சிரை வடிகால். இந்த நோயில் பல இடங்களில் வயல் இல்லை. வாய்க்காலை வெட்டி நேரே வடிகாலில் விட்டது போலத் தமனி நேராகச் சிரையோடு சேர்ந்துவிடுகிறது. வயல் காய்கிறது, வடிகால் கரை புரள்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மடையை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். அந்த மடைதான் இதயம்.

ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இறைக்கிறது. அதில் கால் பங்கு ஈரலுக்குப் போகிறது. ஈரலுக்குள் ஓட்டை பெருகினால் அந்தக் கால் பங்கு பாதியாகிக்கூடப் போகும். மற்ற உறுப்புகளுக்குக் குறையக் கூடாது என்று உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, ரத்த அளவு கூடுகிறது, இதயம் 8, 10 லிட்டர் என்று இறைக்கிறது. வருடக்கணக்கில் இப்படி ஓடினால் மேலறை விரியும், நுரையீரலில் அழுத்தம் ஏறும், கால் வீங்கும். இதயத் தசை பலவீனமானதால் வந்த செயலிழப்பு அல்ல இது. வேலை அளவுக்கு மீறியதால் வந்தது. ஈ.எஃப். நன்றாக இருப்பது இதனால்தான்.

ஓட்டை எங்கிருந்து எங்கே என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறும். தமனியிலிருந்து கல்லீரல் சிரைக்கு என்றால் இதயம் சுமக்கும். அதிகம் பார்ப்பது இதைத்தான். தமனியிலிருந்து போர்ட்டல் சிரைக்கு (குடல் ரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுவரும் சிரை) என்றால் போர்ட்டல் அழுத்தம் ஏறி வயிற்றில் நீர், உணவுக்குழாயில் வேரிசஸ் என்னும் புடைத்த சிரைகள். போர்ட்டல் சிரையிலிருந்து கல்லீரல் சிரைக்கு என்றால் குடல் ரத்தம் ஈரலில் சுத்தமாகாமல் மூளைக்குப் போய்க் குழப்பம், மந்தம். ஒரே ஆளுக்கு மூன்றும் கலந்து இருக்கலாம்.

நான்காவது ஒன்று இருக்கிறது, அதுதான் மிகக் கொடியது. ஈரல் செல்லுக்கு தமனி, போர்ட்டல் சிரை என்று இரண்டு வழியாக ரத்தம் வரும். பித்தக்குழாய்க்குத் தமனி ஒன்றே கதி. தமனி ரத்தம் குறுக்கு வழியில் ஓடிவிட்டால் பித்தக்குழாய் பட்டினி கிடந்து அழுகும். வலது விலாவுக்கடியில் வலி, காய்ச்சல், ஏ.எல்.பி. ஏற்றம் என்று வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

ஆனால் பயப்பட வேண்டிய அளவையும் சொல்ல வேண்டும். ஹெச்.ஹெச்.டி. உள்ளவர்களைத் தேடிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஈரலில் ஏதோ ஒரு மாற்றம் தெரியும். அறிகுறி தருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அதில் பெண்கள் அதிகம், பெரும்பாலும் நடு வயதில்.

எக்கோ அறை · காலை 10.15

புதுவயல் டாக்டரின் 'இதயம் நார்மல்' பற்றி. ஈ.எஃப். என்பது இதயத்தில் வந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பது மட்டும். எத்தனை லிட்டர் போகிறது என்று அது சொல்லாது. அதற்குத் தனிக் கணக்கு உண்டு, எக்கோவிலேயே ஐந்து நிமிடத்தில் போடலாம்.

இடது கீழறையின் வெளிவாயில் குறுக்களவு 2.0 செ.மீ. என்றால் பரப்பு 3.14 ச.செ.மீ. அங்கே டாப்ளரில் வி.டி.ஐ., அதாவது ஒரு துடிப்பில் ரத்தம் ஓடும் தூரம், 30 செ.மீ. என்றால் ஒரு துடிப்புக்கு 94 மி.லி. நாடி 88 என்றால் நிமிடத்துக்கு 8.3 லிட்டர். 155 செ.மீ., 50 கிலோவுக்கு உடற்பரப்பு 1.47 ச.மீ.; வகுத்தால் கார்டியாக் இண்டெக்ஸ் 5.6. நாலுக்கு மேல் என்றாலே அதிகம்.

இதில் கை தவறும் இடம் குறுக்களவு. அதை வர்க்கப்படுத்துவதால் 1 மி.மீ. தப்பினால் முழுக் கணக்கும் பத்து சதவீதம் ஆடும். 2.1 என்று அளந்தால் 9.1 லிட்டர், 1.9 என்றால் 7.5 லிட்டர். அதனால் முதல் எக்கோவில் அளந்த குறுக்களவை ரிப்போர்ட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் பார்த்தாலும் அதே எண்ணை வைத்து வி.டி.ஐ.-யை மட்டும் ஒப்பிட்டால் உண்மையான மாற்றம் தெரியும்.

இன்னொன்று. ஹீமோகுளோபின் 7-ல் இருக்கும்போது எடுத்த கணக்கை ஈரல் தலையில் மொத்தமாகப் போடாதீர்கள். ரத்தசோகையே வெளியேற்றத்தைக் கூட்டும். 11-க்குக் கொண்டுவந்து மறுபடி அளங்கள். சுமையில் ஒரு பகுதி அதிலேயே இறங்கலாம், எஞ்சியதுதான் ஈரலின் பங்கு.

அடுத்து நுரையீரல் அழுத்தம். எக்கோவில் கூடுதலாகத் தெரிந்தவுடன் குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் எழுதுகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இந்த நோயில் அழுத்தம் ஏறுவதற்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு, வலது இதய கேத் (சிரை வழியே குழாய் விட்டு அழுத்தம் அளப்பது) போட்டால்தான் பிரிக்க முடியும். சராசரி நுரையீரல் தமனி அழுத்தம் 34, இதயத்தின் இடது பக்க அழுத்தத்தைக் காட்டும் வெட்ஜ் 21, வெளியேற்றம் 9 லிட்டர் என்றால் தடை 34-ல் 21 போக 13, அதை 9-ஆல் வகுத்தால் 1.4 வுட் யூனிட். குழாய் நன்றாக இருக்கிறது, ஓட்டம்தான் அதிகம்; மருந்து ஈரலுக்கும் நீருக்கும். அதுவே 50, 9, 4.1 என்று வந்தால் தடை 10. இது நுரையீரல் குழாயே இறுகிப்போன வேறு நோய், ஏ.சி.வி.ஆர்.எல்.1 மரபணுக் கோளாறு உள்ள சிலருக்கு வரும். முதல் ஆளுக்குக் குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தால் வெள்ளத்துக்கு இன்னொரு மடை திறந்தது போல.

புதுவயல் பொதுமருத்துவர் · காலை 11.00

நாடி வேகமாக இருக்கிறது என்று, அதைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் தொடங்குவது பற்றி?

எக்கோ அறை · காலை 11.20

ஏ.எஃப். என்னும் தாளம் தப்பிய துடிப்பு வந்து நாடி 130-ல் ஓடினால் கட்டுப்படுத்தத்தான் வேண்டும், பீட்டா பிளாக்கர் கொடுக்கலாம். சும்மா 90-ல் இருக்கும் நாடியை 60-க்கு இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியேற்றத்தைத் தக்கவைக்க உடம்பு அந்த வேகத்தை நம்பியிருக்கிறது.

ஈரல் பிரிவு · காலை 11.45

சின்ன மாறுபாடு. வேரிசஸ் இருந்தால் எங்களுக்கு பீட்டா பிளாக்கர் தேவைப்படும். அப்போது இரண்டு பிரிவும் பேசி, குறைந்த அளவில் தொடங்கி, எடையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். 'சிரோசிஸ் நெறிமுறை' என்று கண்ணை மூடி ஏற்றுவது ஆபத்து என்பதில் நானும் உங்களோடுதான்.

டாப்ளர் அறை · பகல் 12.10

எம்போலைசேஷன், அதாவது குழாயை உள்ளிருந்தே அடைப்பது பற்றிக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், யாரும் கேட்கவில்லை; நானே எழுதிவிடுகிறேன். நுரையீரலில் தமனியும் சிரையும் நேராகச் சேர்ந்த ரத்தக்குழாய் முடிச்சுக்குக் காயில் (கம்பிச்சுருள்) போட்டு அடைப்பது நல்ல, நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. அதே யோசனையில் 'ஈரல் தமனியையும் அடைத்துவிட்டால் என்ன' என்று கேட்பார்கள். ஈரலில் செய்யக் கூடாது. மேலே சொன்ன பித்தக்குழாய்தான் காரணம். ஏற்கெனவே அரைப்பட்டினியில் இருக்கும் குழாய்க்குப் போகிற மிச்ச ரத்தத்தையும் அடைத்தால் பித்தக்குழாயும் ஈரலும் அழுகும், உயிர் போயிருக்கிறது. கிடைத்த பலனும் சில மாதம்தான். புதுக் குழாய்கள் வளர்ந்து பழைய நிலை திரும்பும்.

வம்சவரி · பிற்பகல் 2.30

மரபு ஆலோசனைப் பக்கத்திலிருந்து. எல்லோரும் ஈரலையும் இதயத்தையும் பேசுகிறீர்கள், குடும்பத்தைக் கேட்காமல் நோயைப் பிடிக்க முடியாது. நோயை உறுதிசெய்யும் குராசாவோ அளவுகோல் நான்கு: தானாக வரும் சில்லுமூக்கு, உதடு, நாக்கு, விரல்நுனி, மூக்கில் சிவப்புப் புள்ளிகள், உள்ளுறுப்பில் குழாய்க் கோளாறு, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு நோய். மூன்று இருந்தால் உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். நம் நிறத்துக்குப் புள்ளி முகத்தில் எளிதில் தெரியாது. கீழுதட்டை மடக்கிப் பாருங்கள், நாக்கை நீட்டச் சொல்லுங்கள், விரல்நுனிகளைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி ஸ்லைடை வைத்து அழுத்தினால் வெளிறி, எடுத்தால் திரும்பச் சிவக்கும்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்று பேசுவது இந்த நோய்க்குப் பொருந்தாது. ஒரு பக்கத்திலிருந்து ஒரே ஒரு பழுதான பிரதி வந்தால் போதும், அசலில் கட்டினாலும் வரும்.

செட்டிநாட்டில் வம்சவரி எழுதும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். நகரத்தார் வீடுகளில் கோயில் புள்ளிக் கணக்கு, அதாவது கோயிலில் பதியும் குடும்பக் கணக்கு இருக்கிறது, ஏழெட்டுத் தலைமுறை சொல்வார்கள். ஆனால் அது புள்ளிக் கணக்கு, ரத்தக் கணக்கு அல்ல. பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) வீட்டில் மகன் புள்ளி ஒரு வீட்டிலும் பிறப்பு இன்னொரு வீட்டிலும் இருக்கும். 'இந்த வீட்டில் யாருக்கும் சில்லுமூக்கு இல்லை' என்பார்கள், உண்மைதான். பிறந்த வீட்டில் நான்கு பேருக்கு இருக்கும். மரியாதையாக, தனியாக, 'ஐயா பிறந்த வீடு எது' என்று கேளுங்கள். இரண்டாவது, பர்மா, மலாயாவில் கொண்டுவிற்கப் போய் அங்கேயே காலமானவர்கள். 'ரத்தம் கக்கி இறந்தார், காசம்' என்று வீட்டில் சொல்வார்கள். காசமாகவே இருந்திருக்கலாம். நுரையீரல் முடிச்சு வெடித்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கேள்விக்குறியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை என்றால் முதலில் நோய் உறுதியானவரின் ரத்தம். ஈ.என்.ஜி., ஏ.சி.வி.ஆர்.எல்.1, எஸ்.எம்.ஏ.டி.4 என்ற மூன்று மரபணுக்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஈரல் அதிகம் பாதிப்பது ஏ.சி.வி.ஆர்.எல்.1-ல், நுரையீரலும் மூளையும் ஈ.என்.ஜி.-யில், எஸ்.எம்.ஏ.டி.4 என்றால் குடலில் பாலிப் வரும், கொலோனோஸ்கோபி சேர்க்க வேண்டும். பிழை எது என்று தெரிந்த பிறகு உறவினர்களுக்கு அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும், செலவு குறையும். அது இல்லை என்று வந்தவருக்கு வாழ்நாள் முழுக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். அந்த விடுதலைக்காகவே பரிசோதனை செய்யலாம் என்பேன்.

புதுவயல் பொதுமருத்துவர் · பிற்பகல் 3.10

இங்கேதான் எனக்குத் தயக்கம். 24 வயதுப் பெண், ஒரு அறிகுறியும் இல்லை, வரன் பார்க்கிற நேரம். ஈரல் டாப்ளர் எடுத்து 'மாற்றம் இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் அவளை வாழ்நாள் முழுக்கத் துரத்தும். சிகிச்சையும் இப்போது இல்லை.

வம்சவரி · பிற்பகல் 3.40

தயக்கம் புரிகிறது. ஆனால் அவர் கர்ப்பமாகும்போது ரத்த அளவும் இதயச் சுமையும் எப்படியும் கூடும். ஈரலில் பெரிய ஓட்டை இருந்தால் அப்போதுதான் முதன்முதலாகச் செயலிழப்பு தெரியவரும். நுரையீரல் முடிச்சைப் பார்க்காமல் விடுவது அதைவிட ஆபத்து. 2020-ல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல் ஹெச்.ஹெச்.டி. உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் ஈரல் பரிசோதனையை முன்வைக்கச் சொல்கிறது. முன்வைக்க வேண்டும் என்றால் கட்டாயப்படுத்துவதல்ல. முடிவும் காகிதமும் அந்தப் பெண் கையில். அப்பச்சி கையில் அல்ல, மாப்பிள்ளை வீட்டார் கையில் அல்ல.

புதுவயல் பொதுமருத்துவர் · பிற்பகல் 3.55

நுரையீரல் முடிச்சைத் தேடும் பபிள் எக்கோவுக்குச் (சிரையில் குமிழி விட்டுப் பார்க்கும் எக்கோ) சம்மதம். ஈரலைப் பொறுத்தவரை கர்ப்பத் திட்டம் பேசும்போது எடுக்கலாம் என்பதே இன்னும் என் கருத்து.

கோட்டையூர் மருந்தாளுநர் · மாலை 4.30

மாதிரி நோயாளியின் இரும்புக் கணக்கு. 50 கிலோ, ஹீமோகுளோபின் 7, இலக்கு 15: 50 பெருக்கல் 8 பெருக்கல் 2.4 என்றால் 960. சேமிப்புக்கு 500 கூட்டினால் 1460 மி.கி. மாத்திரையில் இதை எட்ட மாதக்கணக்காகும், அதற்குள் மூக்கு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய அரை மி.கி. இரும்பு, தினம் 10 மி.லி., அதாவது இரண்டு டீஸ்பூன், போனால் 5 மி.கி. நஷ்டம். சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மி.கி. மாத்திரை போதாத இடத்தில் ஊசி இரும்பு தவிர்க்க முடியாதது, ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. மாத்திரை என்றால் காப்பி, டீ குடித்து ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஃப்யூரோசமைட், ஸ்பைரோனோலாக்டோன் என்னும் நீர் மாத்திரைகள் வாங்குபவர்களுக்கு நான் விடாமல் சொல்வது இரண்டு. 'உப்பு குறைக்கச் சொன்னார்கள்' என்று கடையில் லோ சோடியம் உப்பு வாங்குகிறார்கள். அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். இன்னொன்று கால்வலி, இடுப்புவலிக்கு டைக்ளோஃபினாக். ரத்தம் உறைவதைக் கெடுக்கும், உப்பைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்கு என்ன மருந்து என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தியச் சமையல் · மாலை 5.15

உப்பைப் பற்றி நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்தே சொல்கிறேன். நாள் முழுக்க ஒரு டீஸ்பூன் தலைதட்டி, அதாவது 5 கிராம். அதில் 2 கிராம் சோடியம். இந்த 5 கிராமுக்குள் குழம்பு, கூட்டு, இட்லி மாவு, மோர் எல்லாம் அடங்க வேண்டும். கல்லுப்பு, இந்துப்பு எதுவானாலும் சோடியம் குளோரைடுதான், பெயர் மாறினால் நீர் கோக்காமல் இருக்காது. காரம் குறைக்கச் சொன்னதாக நினைத்து உப்புக்கண்டம், மோர் மிளகாய், ஆவக்காய், வற்றல், அப்பளத்தை விடாமல் சாப்பிடுகிறார்கள். நீர் கோப்பதற்குக் காரணம் மிளகாய் அல்ல, அந்தப் பக்க உணவுகளின் உப்பு. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சோடியம். காரம் சாப்பிட்டால் மூக்கு உடைகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிக் கவனித்தவர்கள் மட்டும் குறைத்தால் போதும்.

உப்பில்லாத குறை தெரியாமல் இருக்க: புளியைச் சற்றுக் கூட்டி, மிளகு, சோம்பு, பட்டை வறுத்துப் பொடித்து இறக்கும்போது தூவுங்கள். உப்பைக் கொதிக்கும்போது போடாமல் இலையில் பரிமாறும் முன் போட்டால் பாதியளவில் அதே ருசி நாக்கில் நிற்கும். விசேஷ வீட்டுப் பந்தியில் அளக்க முடியாது. அன்றைக்குச் சாம்பார், ஊறுகாயை விட்டு வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், பால் என்று தேர்ந்துகொள்ளலாம்.

மானகிரி வாசகர் · மாலை 5.40

தைப்பூசத்துக்கு பழனி நடைப்பயணம் போகலாமா? நேர்ந்துகொண்டவர்கள் கேட்கிறார்கள்.

எக்கோ அறை · மாலை 6.05

ஈரல் பாதிப்பு இருந்தும் மூச்சு வாங்காமல், ஹீமோகுளோபின் சரியாக, எக்கோ கணக்கு எல்லைக்குள் இருப்பவரை நான் தடுக்க மாட்டேன். கால் வீக்கம், ஏ.எஃப்., ஒரு மாடி ஏறினால் மூச்சு என்று இருப்பவர் போக வேண்டாம், அதில் பேரம் இல்லை. நாள்கணக்கில் வெயிலில் நடந்தால் நீர் வற்றும், நீர் மாத்திரையும் வேலை செய்துகொண்டிருக்கும். வழியில் அன்னதானத்தில் உப்பு நம் கையில் இல்லை. வண்டியில் போய்த் தரிசனம் செய்யட்டும்.

வீட்டில் தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடும் முன், ஒரே எடை மெஷினில் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அன்றே போன் செய்யுங்கள்.

ஈரல் பிரிவு · இரவு 8.20

உப்பு, நீர் மாத்திரை, இரும்பு, நாடிக் கட்டுப்பாடு: பலருக்கு இதுவே போதும். ஆறு மாதம் இதை ஒழுங்காகச் செய்தும் மூச்சு அடங்கவில்லை என்றால் அடுத்த படி பெவாசிஸுமாப், புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து. 2012-ல் பிரான்சில் 25 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கிலோவுக்கு 5 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தவணை. பெரும்பாலானவர்களுக்கு இதய வெளியேற்றம் இறங்கியது. 50 கிலோவுக்கு 250 மி.கி.; மருந்து மி.லி.-க்கு 25 மி.கி. என்பதால் 10 மி.லி. அதை 100 மி.லி. நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸில் கூடாது. முதல் தவணை 90 நிமிடம், ஒத்துக்கொண்டால் அடுத்தது 60, பிறகு 30. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் பி.பி., சிறுநீரில் புரதம். காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், ரத்தக்கட்டி வரலாம், கர்ப்பத்தில் கூடாது. நிறுத்தினால் பலன் மெல்ல மங்கும், மீண்டும் தேவைப்படலாம்.

மருந்துக்கும் அடங்காத செயலிழப்பு, பித்தக்குழாய் அழுகல் என்றால் ஈரல் மாற்று. ஐரோப்பியப் பதிவேட்டில் 40 பேரின் முடிவுகள் 2006-ல் வந்தன. பத்தாண்டு உயிர்வாழ்வு எண்பது சதவீதத்துக்கு மேல். மாற்றியபின் விரிந்த இதயம் சுருங்கிப் பழைய நிலைக்கு வரும். பல ஆண்டு கழித்துப் புது ஈரலிலும் கோளாறு திரும்புவது உண்டு. நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில். காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை பல இடங்களில் மெல்ட் என்னும், ஈரல் நோயின் தீவிரத்தைக் காட்டும் எண்ணை வைத்து. அது முக்கியமாக பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின் ஆகியவற்றிலிருந்து வருகிறது. இவர்களுக்கு அவை ஏறக்குறையச் சரியாகவே இருக்கும், எண் ஏறாது. சாகக் கிடந்தாலும் பட்டியலில் கடைசியில் நிற்பார்கள். மாற்று மையத்தில் விதிவிலக்குக் கோரிக்கை எழுத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உயிருள்ள உறவினர் ஈரல் தருவதாக இருந்தால் முதலில் அவருக்கு மரபணுப் பரிசோதனை. அதே பிழை உள்ள ஈரலை எடுத்து வைக்கக் கூடாது.

மூளைக் குழப்பம் பற்றி ஒரு வரி. பெரிய சில்லுமூக்குக்கு மறுநாள் பேச்சு குழறுகிறது, பகலில் தூங்குகிறார் என்றால் விழுங்கிய ரத்தத்தின் புரதம் குடலில் உடைந்து அமோனியா ஏறியிருக்கலாம். மூக்கிலிருந்து வரும்போது அண்ணாந்து படுக்க வைப்பதை முதலில் நிறுத்துங்கள். முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும், வாயில் வருவதைத் துப்ப வேண்டும். லாக்டுலோஸ் நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போகும் அளவுக்கு.

மானகிரி வாசகர் · இரவு 9.00

ராத்திரியில் மயங்கி ஆம்புலன்ஸில் மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோனால் அங்கே இதெல்லாம் யார் சொல்வது? பையில் வைக்க ஒரு சீட்டு மாதிரி எழுதித் தர முடியுமா?

புதுவயல் பொதுமருத்துவர் · இரவு 9.35

எழுதிவிட்டேன். ஆதார் அட்டை அளவில் எழுதி லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்:

'எனக்கு ஹெச்.ஹெச்.டி. என்னும் பரம்பரை ரத்தக்குழாய் நோய் உள்ளது. ஈரலில் ரத்த ஓட்டமாற்றம் உண்டு. ஈரல் பயாப்ஸி வேண்டாம். ஈரல் தமனியை அடைக்க வேண்டாம். ஈ.எஃப். சரியாக இருந்தாலும் எனக்கு அதிக வெளியேற்ற இதயச் செயலிழப்பு இருக்கலாம். வழக்கமான ஹீமோகுளோபின்: ____. வழக்கமான எடை: ____. கடைசி கார்டியாக் இண்டெக்ஸ்: ____, தேதி: ____.'

வம்சவரி · இரவு 9.50

ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது டாக்டர். நுரையீரல் முடிச்சு உள்ளவர்களுக்கும் இன்னும் பார்க்காதவர்களுக்கும்: 'டிரிப்ஸ் குழாயில் காற்றுக்குமிழி போகக் கூடாது, ஃபில்ட்டர் போடவும். பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் தேவை.' குமிழி நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போய்விடும்.

புதுவயல் பொதுமருத்துவர் · இரவு 9.58

சேர்த்துவிட்டேன். பின்பக்கம் பெரிய எழுத்தில்.